லென்ஸுக்குப் பின்னால் சவ்வு படர்ந்திருக்கிறதாம், லேசர் செய்யலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: அம்மாவுக்கு வயது 68. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை செய்து லென்ஸ் வைத்தார்கள். ஒரு வருடம் வரைக்கும் பார்வை பளிச்சென்று இருந்தது. கடந்த மூன்று நான்கு மாதமாக அந்தக் கண்ணில் மட்டும் புகைமூட்டம் போலத் தெரிகிறது, இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறிக் கூசுகிறது என்கிறார். கொண்டுபோய்க் காட்டினால், லென்ஸுக்குப் பின்னால் சவ்வு வளர்ந்திருக்கிறது, லேசர் வைத்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். லேசர் பாதுகாப்பானதா என்பது உங்கள் கேள்வி. ஆனால் இரண்டு முறை படித்ததில், அதற்கு அடியில் இன்னும் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் பட்டது. புரை திரும்ப வந்துவிட்டதா, முதலில் செய்த ஆபரேஷனில் ஏதும் தப்பு நடந்துவிட்டதா, இப்போது சொல்கிற லேசர் நிஜமாகவே தேவையா. நான் கண் மருத்துவன், இருபது வருடத்துக்கு மேலாக இந்த லேசரைச் செய்துவருகிறேன். உங்கள் அம்மாவின் கண்ணை நான் பார்க்கவில்லை, அதனால் செய்யுங்கள் என்றோ வேண்டாம் என்றோ இங்கிருந்து சொல்ல மாட்டேன். எதை எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வரவேண்டும் என்பதைச் சொல்ல முடியும், அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் புரை. அது திரும்ப வராது. புரை என்பது நம்மோடு பிறந்த லென்ஸ் கலங்கிப்போவது, அந்த லென்ஸையே உடைத்து உறிஞ்சி எடுத்தாகிவிட்டது, இல்லாத பொருள் மறுபடி கலங்க வழியில்லை. ஆனால் ஆபரேஷனில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதில்லை. பிறவி லென்ஸ் ஒரு மெல்லிய, கண்ணாடி போன்ற உறைக்குள் இருக்கிறது. அந்த உறையின் முன்பக்கத்தில் ஐந்து மில்லிமீட்டர் சொச்சம் அகலத்துக்கு வட்டமாக ஒரு வாய் திறந்து, அதன் வழியாக உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு, உறையை ஒரு பை போல அப்படியே விட்டுவைக்கிறோம். செயற்கை லென்ஸை மடித்து உள்ளே செலுத்தினால் அது அந்தப் பைக்குள் விரிந்து உட்கார்ந்துகொள்ளும். பை இருப்பதால்தான் லென்ஸ் நடுவில் நிற்கிறது, கண்ணின் பின்பாதியில் நிறைந்திருக்கிற கூழ் முன்னால் வராமலும் இருக்கிறது. இந்தப் பையின் பின்சுவர் நடுப்பகுதியில் சுமார் 4 மைக்ரான் தடிமன்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரை 250 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. ஆபரேஷன் முடிந்த மறுநாள் பார்த்தால் அந்தச் சுவர் இருப்பதே தெரியாது, அவ்வளவு தெளிவாக இருக்கும். உங்கள் அம்மாவுக்கு ஒரு வருடம் பளிச்சென்று தெரிந்தது அதனால்தான்.

அப்புறம் ஏன் மங்குகிறது என்றால், அந்தப் பையின் உள்பக்கத்தில், முன்சுவரிலும் விளிம்பைச் சுற்றியும், ஒற்றை அடுக்காகச் செல்கள் ஒட்டியிருக்கும். பிறவி லென்ஸின் நார்களை வாழ்நாள் முழுக்க உண்டாக்கிக்கொண்டிருந்தவை இவைதான். லென்ஸை எடுக்கும்போது இவற்றையும் முடிந்த மட்டும் துடைத்து எடுக்கிறோம், ஆனால் எவ்வளவு கைதேர்ந்த சர்ஜன் செய்தாலும், எந்த மெஷினில் செய்தாலும், விளிம்பின் மடிப்புக்குள் சில தங்கிவிடும். தங்கியவை சும்மா இருப்பதில்லை. லென்ஸ் போய்விட்டது என்பது அவற்றுக்குத் தெரியாது, பழைய வேலையையே தொடர்கின்றன: பெருகி, பின்சுவரின் மேல் மெல்ல நகர்ந்து நடுப்பகுதிக்கு வருகின்றன. உப்பிய குமிழ்களாகத் திரண்டால் ஒருவகை, நார்த்திசுவாக மாறிச் சுவரையே சுருக்கம் விழ வைத்தால் இன்னொரு வகை, பல கண்களில் இரண்டும் கலந்திருக்கும். இதைத்தான் நாங்கள் சவ்வு என்று சொல்லிவிடுகிறோம். புதிதாக ஏதோ வளர்ந்து வந்து மூடிக்கொண்டது போல அந்த வார்த்தை ஒலிக்கிறது, நோயாளிகள் பயப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். உண்மையில் அது அம்மாவின் சொந்த உறைதான், அதன் மேல் அம்மாவின் சொந்த செல்கள்.

ஆகவே தப்பு நடந்ததா என்ற கேள்விக்குப் பதில், இது நடந்ததாலேயே யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று ஆகாது. 1998-ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் அலசலில், அறுவை முடிந்து ஒரு வருடத்தில் நூற்றுக்குச் சுமார் 12 கண்களிலும், மூன்று வருடத்தில் 21 கண்களிலும், ஐந்து வருடத்தில் 28 கண்களிலும் இது வந்திருந்தது. அதற்குப் பிறகு லென்ஸ்களின் வடிவம் நிறைய மாறிவிட்டது. இப்போதைய லென்ஸ்களின் பின்விளிம்பு கூர்மையாகச் சதுரமாக இருக்கும், அது பின்சுவரில் அழுந்தி நிற்பதால் செல்கள் அந்த வரப்பைத் தாண்டி உள்ளே வருவது கடினம். நீரை ஈர்க்காத அக்ரிலிக் லென்ஸில், நீரை ஈர்க்கும் அக்ரிலிக் லென்ஸைவிட இது குறைவாக வருகிறது என்பதும் ஓரளவு நன்றாகவே தெரிந்த விஷயம். நல்ல லென்ஸ் வந்தபிறகு இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, தள்ளிப்போயிருக்கிறது, ஒழியவில்லை. வயது குறையக் குறைய செல்களுக்கு வேகம் அதிகம். குழந்தைகளுக்குப் புரை எடுத்தால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே இது வரும், அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்கு முதல் ஆபரேஷனிலேயே பின்சுவரையும் திறந்துவிடுகிறோம். கண்ணுக்குள் முன்பு அழற்சி வந்தவர்களுக்கும் அதிகம். சர்க்கரை நோய் இதைக் கூட்டுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை, நான் அதை வைத்து யாரையும் பயமுறுத்துவதில்லை.

உங்கள் அம்மா சொல்கிற அறிகுறிகள் இதோடு நன்றாகப் பொருந்துகின்றன. மெல்ல மெல்ல வருவது, வலி இல்லாதது, வெளிச்சம் சிதறிக் கூசுவது, எழுத்து தெரிந்தாலும் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகத் தெரிவது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிடுவார்கள், ஆனாலும் வீட்டில் ஏதோ சரியில்லை என்பார்கள். அதைப் பிரமை என்று ஒதுக்கக் கூடாது. மறைந்த எழுத்துக்கும் சிதறிய வெளிச்சத்துக்கும் வித்தியாசம் உண்டு, இருட்டு அறையில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தைப் படிக்கவைக்கும் சோதனை இரண்டாவதைப் பிடிக்காது.

இனி நான் உண்மையில் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். லேசர் சுலபம். ஐந்து நிமிடம் என்று சொன்னது மிகையில்லை. ஆனால் திறந்த சுவரை மறுபடி மூட முடியாது. அதனால் இதில் கஷ்டமான பாகம் லேசரைச் சுடுவது இல்லை, இந்தக் கண்ணின் மங்கலுக்கு இந்தச் சவ்வுதான் காரணம் என்று நிச்சயப்படுத்திக்கொள்வது. வயதான ஒரு கண்ணில், ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு வருடத்தில், சவ்வு கொஞ்சமாவது இருப்பது சாதாரணம். அது கண்ணில் பட்டதும் பழியை அதன்மேல் போட்டுவிடுவதும் சுலபம். சவ்வு இருக்கிறது என்பது வேறு, சவ்வால்தான் மங்குகிறது என்பது வேறு.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தையல்காரரை லேசருக்கென்றே எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார்கள். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்பது அவர் சொன்ன முதல் வார்த்தை. மருந்து விட்டுப் பாவையை, அதாவது கருவிழிக்கு நடுவில் ஒளி நுழையும் துளையை, விரித்துப் பார்த்தால் சவ்வு இருந்தது, ஆனால் மெல்லியது. அதன் வழியாக அவருடைய விழித்திரையின் ரத்தக்குழாய்கள் எனக்கு நன்றாகவே தெரிந்தன. எனக்கு உள்ளே இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது அவருக்கு வெளியே ஏன் அவ்வளவு மங்கலாகத் தெரிகிறது? கணக்கு இடித்தது. ஜன்னல் கம்பி எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். நடுவில் வளைந்திருக்கிறது என்றார். அந்த ஒரு பதில் போதும். சவ்வு மூடினால் கோடு மங்கும், வளையாது. விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்ததில் விழித்திரையின் மையத்துக்கு அடியில் நீர் கோத்திருந்தது, வயதால் வரும் மையச் சிதைவில் நீர் கசியும் வகை. அவருக்கு வேண்டியிருந்தது கண்ணுக்குள் போடும் ஊசி, அதுவும் தாமதமில்லாமல். லேசரைச் செய்து, சொட்டு மருந்து எழுதி, ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பியிருந்தால் அந்த ஒரு மாதத்தில் மையப் பார்வையில் எவ்வளவு போயிருக்குமோ. எனக்கு இன்றும் அந்தக் கண் ஞாபகம் இருக்கிறது, அன்றிலிருந்து ஜன்னல் கம்பிக் கேள்வியை ஒருவரிடமும் கேட்காமல் விட்டதில்லை.

மங்கலுக்கான மற்ற காரணங்களும் அப்படித்தான், கேட்டால் கிடைக்கும். கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம். சின்னத் துளை வழியாகப் பார்க்கச் சொன்னால் எழுத்து சட்டென்று தெளிந்துவிடும். கண் உலர்ந்திருக்கலாம், இமைத்தால் தெளிந்து மறுபடி மங்கும். சர்க்கரையால் விழித்திரை மையத்தில் வீக்கம் இருக்கலாம், கண் அழுத்த நோயால் நரம்பு பாதித்திருக்கலாம், கருவிழியில் நீர் கோத்திருக்கலாம். இவற்றில் ஒன்று சவ்வோடு சேர்ந்தே இருக்கும்போதுதான் சிக்கல். அந்த நேரத்தில் லேசர் செய்யக் கூடாது என்று அர்த்தமில்லை, எவ்வளவு பார்வை திரும்பும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

இன்னொரு குழப்பம் இருக்கிறது, அரிதானது, ஆனால் விலை அதிகம். சில சமயம் கலங்கியிருப்பது உறையே இல்லை, செயற்கை லென்ஸ். நீரை ஈர்க்கும் அக்ரிலிக் லென்ஸ் சிலவற்றில் வருடங்கள் கழித்து கால்சியம் படிந்து லென்ஸே வெள்ளையாகிவிடுகிறது. அவசரமாகப் பார்த்தால் சவ்வு போலவே இருக்கும். அதற்கு லேசர் உதவாது, லென்ஸை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே யாராவது சவ்வு என்று நினைத்துப் பின்சுவரைத் திறந்துவிட்டிருந்தால், அந்த லென்ஸை மாற்றுவது பல மடங்கு ஆபத்தான ஆபரேஷனாகிவிடும், ஏனென்றால் புது லென்ஸைத் தாங்க முழுப் பை இல்லை, பின்னால் இருக்கும் கூழும் முன்னால் வந்துவிடும். அப்படித் திறந்த நிலையில் என்னிடம் வந்த கண்கள் உண்டு. தாடையை வைத்து உட்காரவைத்துக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியான ஸ்லிட் லாம்பின் ஒளிக்கீற்றை மெல்லியதாக்கி, சாய்த்து, கலங்கல் லென்ஸின் தடிமனுக்குள் இருக்கிறதா அதற்குப் பின்னால் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் பிரித்துவிடலாம். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துத் தெரிகிற பல்குவிய லென்ஸ் வைத்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்திலிருந்தே வளையம் தெரிகிறது, கூசுகிறது, பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கு, சமாதானத்துக்காக லேசர் செய்துவிடக் கூடாது. லென்ஸே அவருக்குப் பொருந்தாமல் போயிருந்தால் மாற்றும் வழி அதோடு அடைபடுகிறது. முதலில் நன்றாகத் தெரிந்து பிறகு மங்கியதா, முதலிலிருந்தே தெரியவில்லையா என்று நாங்கள் துருவித் துருவிக் கேட்பது இதற்காகத்தான். உங்கள் அம்மாவுக்கு ஒரு வருடம் நன்றாகத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல அறிகுறி.

சரி, எல்லாம் பார்த்து, சவ்வுதான் என்று முடிவாகிவிட்டது என்று வையுங்கள். அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பட்டினி இருக்க வேண்டாம், ஊசி இல்லை, கட்டு இல்லை. பாவையை விரிக்க சொட்டு மருந்து விடுவார்கள், கண் அழுத்தம் ஏறாமலிருக்க இன்னொரு சொட்டு, மரத்துப்போக ஒன்று. எப்போதும் பரிசோதிக்கிற ஸ்லிட் லாம்ப் போன்ற கருவிதான், தாடையை வைத்து நெற்றியை ஒட்டிக்கொள்ள வேண்டும். பலர் கண்மேல் ஒரு சின்ன கான்டாக்ட் லென்ஸை ஜெல்லோடு வைத்துப் பிடித்துக்கொள்வார்கள், அது ஒளியைக் கூர்மையாகக் குவிக்கும், இமைக்கவும் விடாது. லேசர் ஒளி 1064 நானோமீட்டர், அகச்சிவப்பு, யார் கண்ணுக்கும் தெரியாது. குறி பார்ப்பதற்காகச் சிவப்புப் புள்ளிகளை அதோடு சேர்த்து அனுப்புகிறோம். அந்தப் புள்ளிகள் சவ்வின் மேல் ஒன்றாகக் கூடியதும் பட்டனை அழுத்தினால் ஒரு சின்ன டிக் சத்தம், அவ்வளவுதான். ஒவ்வொரு சுடலும் சில நானோ விநாடிதான் நீடிக்கும், அதன் சக்தி பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிஜூல். அவ்வளவு குறுகிய நேரத்தில் ஒரே புள்ளியில் குவிவதால் அந்த இடத்தில் நுண்ணிய வெடிப்பு ஒன்று உண்டாகி உறையைக் கிழிக்கிறது. சுட்டுப் பொசுக்குவது இல்லை, அதனால் சூடும் தெரியாது, வலியும் தெரியாது.

என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது எனக்கு இத்தனை வருடம் கழித்தும் அலுக்காத காட்சி. சிவப்பாக ஒளிரும் பாவைக்கு நடுவில் சவ்வு, குளத்தோரத்துத் தவளை முட்டைக் கூட்டம் போலக் குமிழ் குமிழாக. மேலே ஓர் இடத்தில் சுட்டால் சின்னக் கீறல் விழும். உறை இழுபட்ட நிலையில் இருப்பதால் அந்தக் கீறல் தானாகவே அகலும். அடுத்தடுத்து சிலுவை வடிவிலோ வட்டமாகவோ சுட்டுக்கொண்டே போனால் ஓரங்கள் சுருண்டு விலகி, நடுவில் சுமார் நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு ஜன்னல் திறந்துவிடும். சவ்வின் தடிமனைப் பொறுத்து பத்து முதல் நாற்பது சுடல் ஆகலாம். லென்ஸின் மேல் படாமலிருக்க குறியைச் சவ்வுக்குச் சற்றுப் பின்னால் வைக்கிறோம். முதல் கீறல் விழுந்ததுமே அதன் வழியாக உள்ளே விழித்திரை பளீரென்று தெரியும், எனக்கு அந்தப் பக்கம் தெரிந்தால் அவர்களுக்கு இந்தப் பக்கம் தெரியப்போகிறது என்று அர்த்தம். டிக் சத்தத்தைக் கேட்டு, லென்ஸ் உடைந்துவிட்டதா டாக்டர் என்று ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து சத்தம் வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம், நீங்களும் அம்மாவிடம் சொல்லிவையுங்கள், திடுக்கிட்டு நகர்ந்தால்தான் சிரமம்.

இந்த லேசர் 1980-களின் தொடக்கத்தில் வந்தது, பிரான்சில் டேனியல் ஆரோன்-ரோசா, ஸ்விட்சர்லாந்தில் ஃபிரான்ஸ் ஃபாங்க்ஹவுசர் இருவரும் இதில் முன்னோடிகள். அதற்கு முன்னால் கண்ணுக்குள் ஊசி போன்ற கத்தியை விட்டுத்தான் சவ்வைக் கீற வேண்டியிருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்கச் செய்யப்பட்ட சிகிச்சை என்பதால் இதன் நல்லதும் கெட்டதும் நன்றாகவே தெரியும்.

கெட்டதில் நிச்சயமாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். கிழிந்த உறையின் தூசு கண்ணின் வடிகாலில் தங்குவதால் முதல் சில மணி நேரத்தில் கண் அழுத்தம் ஏறலாம். சொட்டு மருந்து விட்டுச் செய்தால் பெரும்பாலும் ஏறாது, ஏறினாலும் மருந்தில் இறங்கிவிடும். ஏற்கெனவே கண் அழுத்த நோய் இருப்பவர்களை மட்டும் ஒரு மணி நேரம் உட்காரவைத்து மறுபடி அளந்து பார்த்து அனுப்புவது நல்லது. மிதக்கும் புள்ளிகள் தெரிவது ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு, அது உறையின் துணுக்குகள், சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் அமிழ்ந்துவிடும். செயற்கை லென்ஸில் ஒன்றிரண்டு நுண்பள்ளம் விழலாம், ஸ்லிட் லாம்பில் எனக்குத் தெரியுமே தவிர நோயாளிக்குத் தெரிவது மிக அரிது, லென்ஸ் இரண்டாக உடைவதெல்லாம் கிடையாது. விழித்திரை மையத்தில் வீக்கம் வருவது நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில், அதுவும் பெரும்பாலும் மருந்தில் வடியும். கண்ணுக்குள் அழற்சி தணியாமல் இருக்கும்போது செய்தால் இது கூடும், அதனால் அழற்சி உள்ளவர்களுக்கு அது அடங்கிய பிறகுதான் செய்வோம்.

எல்லோரும் பயப்படுவது விழித்திரை விலகலுக்கு. இங்கேதான் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. லேசர் செய்த கண்களில் விழித்திரை விலகுவது கொஞ்சம் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சிலவற்றில் வித்தியாசமே இல்லை. புரை ஆபரேஷனே விலகும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது, அது வருடக்கணக்கில் நீடிக்கிறது, அதனால் லேசருக்குப் பின் விலகிய ஒரு கண்ணைப் பார்த்து இது லேசரால் வந்ததா முதல் ஆபரேஷனால் வந்ததா என்று பிரிப்பது லேசில்லை. யாருக்கு ஆபத்து அதிகம் என்பதில் மட்டும் குழப்பமில்லை: அதிக மைனஸ் பவர் இருந்து நீண்டு வளர்ந்த கண் உள்ளவர்கள், வயது குறைந்த ஆண்கள், இன்னொரு கண்ணில் ஏற்கெனவே விழித்திரை விலகியவர்கள், ஓரத்தில் மெலிந்த திட்டுகள் உள்ளவர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அம்மா தடித்த மைனஸ் கண்ணாடி போட்டிருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால், லேசருக்கு முன்னால் விழித்திரையின் ஓரம் வரை பார்த்தாகிவிட்டதா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். அப்படிப்பட்ட கண்ணிலும் நான் லேசர் செய்கிறேன், ஆனால் சவ்வு தொந்தரவு கொடுக்கும் அளவுக்கு வந்தபிறகுதான். லேசாகத்தான் இருக்கிறது, அம்மாவுக்கும் அன்றாட வேலையில் தடையில்லை என்றால், காத்திருப்பதில் எந்தத் தப்பும் இல்லை. சவ்வு காத்திருந்தால் கண்ணைக் கெடுக்காது, மங்கல் மட்டும் கூடும், ஆறு மாதம் கழித்துச் செய்தாலும் அதே பலன் கிடைக்கும். இன்றே செய்தாக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், எதற்காக அவசரம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விழித்திரையைப் பார்த்துச் சிகிச்சை செய்ய சவ்வு தடையாக இருக்கிறது என்பது நியாயமான காரணம்.

சொட்டு மருந்தில் சவ்வு கரையுமா என்று உங்கள் கேள்விக்குக் கீழே இன்னொருவர் கேட்டிருந்தார். கரையாது. மாத்திரை, கண் பயிற்சி எதற்கும் அது அசையாது. மறுபக்கம், ஆபரேஷன் முடிந்த கையோடு லேசர் செய்வதும் வழக்கமில்லை. கண் ஆறி, லென்ஸ் பைக்குள் இறுகி நிற்கட்டும் என்று குறைந்தது மூன்று மாதம் விடுவோம். உங்கள் அம்மா அதைத் தாண்டிவிட்டார்.

செய்த அன்று பாவை விரிந்திருப்பதாலும் ஜெல் ஒட்டியிருப்பதாலும் சில மணி நேரம் மங்கலாகத்தான் இருக்கும். உடனே தெரியவில்லையே என்று மனம் உடைய வேண்டாம், மறுநாள் காலையில் கேளுங்கள். தலைக்குக் குளிக்கலாம், குனியலாம், முதல் ஆபரேஷனுக்குச் சொன்ன கட்டுப்பாடுகள் எதுவும் இதற்கு இல்லை. ஒரு வாரம் போல அழற்சியைத் தணிக்கும் சொட்டு எழுதுவார்கள். அது எல்லோருக்கும் தேவையா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது, நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுதாதவர்கள் தப்பு செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கண்ணாடியின் பவர் பெரும்பாலும் மாறாது, மாற்றுவதாக இருந்தால் சில வாரம் கழித்துச் சோதித்துக்கொள்ளலாம். பழைய புள்ளிகள் மிதப்பது வேறு, திடீரென்று புதிதாகப் புள்ளிகள் மழை போலக் கொட்டுவது வேறு. அப்படிக் கொட்டினாலோ, இருட்டில் மின்னல் வெட்டுவது போல ஓரத்தில் பளிச்சிட்டாலோ, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போல நிழல் விழுந்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே காட்ட வேண்டும். இது லேசர் முடிந்த முதல் வாரத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், விழித்திரை விலகினால் மாதங்கள் கழித்தும் விலகலாம்.

திறந்த ஜன்னல் மறுபடி மூடுமா? பெரியவர்களுக்கு மூடுவது அபூர்வம். விளிம்பிலிருந்து குமிழ்கள் எட்டிப்பார்த்து இரண்டாம் முறை சுத்தம் செய்தவர்கள் என் அனுபவத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இடது கண்ணிலும் ஆபரேஷன் ஆகியிருந்தால் அதிலும் சவ்வு வரலாம், வராமலும் போகலாம், இந்தக் கண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது.

போகும்போது ஆபரேஷன் சமயத்தில் கொடுத்த காகிதத்தை, லென்ஸின் பெயர் ஒட்டிய அட்டை இருந்தால் அதையும், எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: அம்மாவுக்கு மங்கலாகத் தெரிவதும் நீங்கள் பார்க்கிற சவ்வின் அடர்த்தியும் ஒத்துப்போகிறதா, பாவையை விரித்து விழித்திரையைப் பார்த்தாகிவிட்டதா. கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள், என்னிடம் கேட்பவர்கள் மேல் எனக்கு மரியாதைதான் கூடியிருக்கிறது. அதற்கு முன்னால் இன்றைக்கு வீட்டிலேயே, இடது கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி நேராக, ஆனால் மங்கலாகத் தெரிகிறது என்றால் நிதானமாக நாள் குறித்துப் போகலாம். வளைந்தோ நடுவில் அறுந்தோ தெரிகிறது என்றால் லேசரை ஒத்திவைத்துவிட்டு, நாளைக்கே விழித்திரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.